கப்பல் எங்கே? - ஓர் ஓவியமும் அதன் சாட்சியமும்

ஓவியப் புத்தகம் ஒன்றில் கண்ட படத்தை ஒருநாள் வகுப்பில் காட்டினேன். சற்றுநேரம் உற்றுப் பார்த்த மாணவன் ஒருவன் எழுந்து, "சார், இதில் கப்பல் எங்கே?" என்றான். 1842-ஆம் ஆண்டில் இலண்டன் இராயல் அகாடமியில் அப்படத்தைக் கண்ட பெரியோரும் ஏறக்குறைய அதே கேள்வியைத்தான் கேட்டனர். சோப்பு நுரையும் சுண்ணாம்பும் என்று எள்ளி நகைத்தோரும் உண்டு.

அது டர்னர் (1775-1851) தம் 67-ஆம் வயதில் காட்சிக்கு வைத்த 'பனிப்புயல்' என்னும் எண்ணெய் ஓவியம். மூன்றடி உயரமும் நான்கடி அகலமும் உடையது. கடலும் பனியும் புகையும் ஒரே சுழலாகச் சுழல, நடுவே கருநிழல்போல் ஒரு நீராவிக் கப்பல் தத்தளிக்கின்றது.

ஓவியத்தின் நீண்ட தலைப்பு நம் கவனத்திற்குரியது. துறைமுக வாயிலில், ஆழங்குறைந்த நீரில், அடையாள விளக்குக் காட்டி, ஈயக்குண்டு விட்டு ஆழம் பார்த்துச் செல்லும் கப்பல் என்கிறது அது. 'ஏரியல்' என்னும் கப்பல் ஹாரிச் துறையை விட்டுப் புறப்பட்ட இரவில் ஓவியரும் இப்புயலில் இருந்தார் என்றும் சேர்க்கின்றது.

ஹாரிச், இங்கிலாந்தின் கீழைக் கரையில் உள்ள துறைமுகம். அங்கே 1818-இல் உயரமாக ஒன்றும் தாழ்வாக ஒன்றுமாக இரு கலங்கரை விளக்கங்கள் எழுந்தன. மாலுமியின் கண்ணுக்கு ஒன்றின்மேல் ஒன்றாக இரு விளக்குகளும் நேர்கோட்டில் தெரிந்தால், கப்பல் சரியான வழியில் வருகின்றது என்பது பொருள். கான்ஸ்டபிள் என்ற ஓவியர் 1820-இல் காட்சிக்கு வைத்த 'ஹாரிச் கலங்கரை விளக்கம்' அக்கரையைப் பகல் வெளிச்சத்தில் அமைதியாகக் காட்டுகின்றது. டர்னரின் படத்திலோ கரையும் இல்லை, கலங்கரை விளக்கமும் இல்லை.

பனி விளக்கை மறைத்துவிட்டால் மாலுமி என்ன செய்வான்? கயிற்றில் கட்டிய ஈயக்குண்டை நீரில் இறக்கி ஆழத்தை அளப்பான். குண்டின் அடிக்குழியில் மிருகக் கொழுப்பு தடவப்பட்டிருக்கும். அதில் ஒட்டிவரும் மணலையோ சிப்பியையோ பார்த்து, கப்பல் எந்தத் தரைமீது நிற்கின்றது என்று ஊகிப்பான். விளக்கு தெரிந்தாலும் இவ்வேலை தேவைதான். மணல்திட்டு இடம்பெயர்ந்ததால், ஹாரிச் விளக்குகளே நாளடைவில் தவறான வழியைக் காட்டலாயின. 1863-இல் அவை கைவிடப்பட்டு, டோவர்கோர்ட்டில் வேறு விளக்குகள் அமைந்தன.

இனி, சாட்சியத்திற்கு வருவோம். மாலுமிகளைக் கொண்டு தம்மைப் பாய்மரத்தில் கட்டச் செய்து, நான்கு மணி நேரம் புயலைக் கண்டதாக டர்னர் கூறினார் என்று ஒரு நண்பர் வாயிலாக ரஸ்கின் எழுதிவைத்தார். ஆனால் ஏரியல் என்ற நீராவிக் கப்பல் ஹாரிச்சிலிருந்து அப்படிப் புறப்பட்டதற்கு ஆய்வாளர்களுக்குச் சான்று கிட்டவில்லை. மேலும், பிரெஞ்சு ஓவியர் வெர்னே பாய்மரத்தில் கட்டுண்டு புயலைக் கண்டார் என்ற கதை முன்பே வழங்கி வந்தது. அவர் பேரனே 1822-இல் அதனை ஓவியமாகவும் தீட்டியிருந்தார். ஆகவே டர்னரின் வாக்கை அப்படியே வரலாறாகக் கொள்வதற்கில்லை.

அப்படியானால் படமும் பொய்யா? அன்று. 'நான் அங்கே இருந்தேன்' என்பது ஒரு செய்தி. 'கரை தெரியாத கப்பல் ஆழம் பார்த்தே நகரும்' என்பது வேறொரு செய்தி. முன்னதற்குச் சான்று இல்லை. பின்னதோ கடலோடிகள் அனைவரும் அறிந்த தொழில் உண்மை. ஒரே மனிதர் கூறினார் என்பதற்காக இரண்டையும் ஒருசேர ஏற்பதும் தவறு, ஒருசேரத் தள்ளுவதும் தவறு. வரலாறு கற்போர் முதலில் பழகவேண்டிய பாடம் இதுவே.

மறுநாள் அதே மாணவனை அழைத்து, கயிற்றையும் குண்டையும் பற்றிச் சொல்லிவிட்டுப் படத்தைக் கையில் கொடுத்தேன். இம்முறை அவனே விரல் வைத்துக் கப்பலைக் காட்டினான்.