படக்கோப்பு மாற்றமும் மெய்யெழுத்தின் புள்ளியும்

கணினிக்குள் இருக்கும் படம் உண்மையில் எண்களின் வரிசை. அவ்வெண்களை எந்த ஒழுங்கில் அடுக்குவது, எவற்றைச் சுருக்குவது, எவற்றை விட்டுவிடுவது என்று வகுத்துக்கொண்ட உடன்பாட்டையே கோப்பு வடிவம் என்கிறோம். அவ்வுடன்பாட்டை அறியாத கருவிக்கு அந்தப் படம் வெறும் எண்குவியல். அதனால்தான் இணையத்தில் படங்கள் புழங்கத் தொடங்கிய நாள்தொட்டு, ஒரு வடிவத்தில் வந்த படத்தை எல்லாக் கருவிகளும் திறக்கக்கூடிய இன்னொரு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும் வழக்கமும் கூடவே வளர்ந்தது. இவ்வழக்கத்தின் வரலாற்றைத் தரம் படிப்படியாக உயர்ந்த கதையாகச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் எந்த வடிவம் எங்கும் திறக்கும் என்பதைக் கணிதம் தீர்மானித்ததைவிடக் காப்புரிமையும் பழக்கமும் தீர்மானித்ததே அதிகம். தமிழருக்கு இவ்வரலாற்றில் ஒரு தனித் தொடர்பு உண்டு; ஏனெனில் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் தமிழ் எழுத்தே படமாகிப் பயணம் செய்ய வேண்டியிருந்தது, இன்றும் பெருமளவுக்கு அப்படியே பயணம் செய்கிறது.

மலேசியாவின் பகாங் மாநிலத்தில், கேமரன் மலையின் வடபகுதியில் உள்ள கோலா தெர்லா போன்ற ஊர்களில் இத்தொடர்பைத் தெளிவாகக் காணலாம். 'கோலா' என்னும் மலாய்ச் சொல் ஓர் ஆறு மற்றோர் ஆற்றிலோ கடலிலோ சேருமிடத்தைக் குறிக்கும். 1885இல் வில்லியம் கேமரன் நில அளவைக்காக ஏறியதால் அவர் பெயரைப் பெற்ற இம்மலையில், 1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய பின் தேயிலை வாணிகப் பயிராக வேரூன்றியது; கொழுந்து பறிக்கவும் காடு திருத்தவும் வந்தவர்களில் தென்னிந்தியத் தமிழர் பலர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பரவிவிட்ட இக்காலத்தில், தோட்டக் கோயிலின் திருவிழா அழைப்பும் தமிழ்ப்பள்ளியின் அறிவிப்பும் இறப்புச் செய்தியும் உறவினரைச் சென்றடைவது பெரும்பாலும் புலனத்தின் வழியே. வாட்ஸ்அப் செயலியை மலேசியத் தமிழர் இப்பெயராலும் அழைப்பர். அச்செய்திகளும் தட்டச்சு வரிகளாக வருவதைவிடப் படங்களாக வருவதே மிகுதி.

இணையப் படத்தின் முதல் பொதுக்கலம் ஜிஃப். 1987 ஜூனில் அமெரிக்காவின் காம்ப்யூசெர்வ் நிறுவனம் ஸ்டீவ் வில்ஹைட் தலைமையில் உருவாக்கிய இவ்வடிவம், ஒரு படத்தில் 256 நிறங்களுக்கு மேல் ஏற்காது. ஆயினும் அக்காலத்துத் தொலைபேசி இணைப்பின் மெதுவான ஓட்டத்துக்கு ஏற்றபடி கோப்பைச் சிறிதாக்கியது. (இதன் பெயரை 'கிஃப்' என்று ஒலிப்பதா 'ஜிஃப்' என்று ஒலிப்பதா என்ற ஓயாத வழக்கில், 'ஜிஃப்' என்பதே சரி என்று வில்ஹைட் கடைசிவரை சொல்லிவந்தார், தமிழ் எழுத்துப்பெயர்ப்பாவது அவர் விருப்பத்தை நிறைவேற்றுகிறது.) ஒரே நிறம் பரந்து கிடக்கும் கோட்டோவியத்துக்கும் எழுத்துக்கும் ஜிஃப் பொருந்தியது, தேயிலைச் சரிவில் ஆயிரம் பச்சைகள் கலந்து கிடக்கும் ஒளிப்படத்துக்குப் பொருந்தவில்லை.

ஒளிப்படத்துக்கான விடை 1992இல் பன்னாட்டுத் தரமாக வந்த ஜேபெக். அதன் அடித்தளத்தை இட்ட ஆய்வுக் கட்டுரை 1974 ஜனவரியில் வெளியானது. அதன் ஆசிரியர்கள் பெங்களூரில் பிறந்து அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நசீர் அகமது, அவருடைய மாணவர் டி. நடராஜன், டெக்சாஸில் பணியாற்றிய கே. ஆர். ராவ் ஆகிய மூவர். இன்று உலகில் எடுக்கப்படும் ஒளிப்படங்களில் பெரும்பகுதி இம்மூவரின் கணக்கு வழியே கடந்துவந்திருக்கும். அவர்களது முறையை ஜேபெக் கையாளும் விதம் இது: படத்தைப் பக்கத்துக்கு எட்டு படப்புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாக, அதாவது 64 படப்புள்ளிகள் கொண்ட சதுரங்களாக, ஜேபெக் பிரித்துக்கொள்கிறது, படப்புள்ளி என்பது திரையில் ஒரே நிறம் காட்டும் மிகச் சிறிய அலகு. ஒவ்வொரு கட்டத்தையும் மெல்ல மாறும் அலை முதல் விரைந்து மாறும் அலை வரை 64 அலைகளின் கலவையாக எழுதிக்கொண்டு, மனிதக் கண் எளிதில் கவனிக்காத விரைவு அலைகளின் எண்களைத் தோராயப்படுத்தியோ சுழியாக்கியோ கோப்பைச் சுருக்குகிறது. விட்ட எண்களைத் திரும்பப் பெற முடியாது என்பதால் இதனை இழப்புள்ள சுருக்கம் என்பர்.

வானத்திலும் முகத்திலும் இந்த இழப்பு தெரிவதில்லை, எழுத்தில் தெரிகிறது. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தின் கூர்மையான விளிம்பு விரைவு அலைகளாலேயே ஆனது. அவற்றைக் குறைத்தால் விளிம்பைச் சுற்றிச் சாம்பல் நிறப் பொடி பரவும். உரோமன் எழுத்தைவிடத் தமிழ் எழுத்துக்கு இதனால் விளையும் தீங்கு பெரிது. மெய்யெழுத்தின் தலைமேல் நிற்கும் புள்ளி சிறிய அளவில் இரண்டு மூன்று படப்புள்ளிகளுக்கு மேல் இருப்பதில்லை, அந்தப் பொடியில் அது கரைந்துவிடுகிறது. ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குத் திரைப்பிடிப்பாகவும் மறுசேமிப்பாகவும் கைமாறும் அழைப்பிதழ் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சுருக்கப்படுவதால், நான்காம் கையில் அது வந்து சேரும்போது 'ம்' எது 'ம' எது என்று சூழலைக் கொண்டே உணர வேண்டியிருக்கும்.

எழுத்துக்கு ஏற்ற ஜிஃப் இருக்க அதனை ஏன் கைவிட நேர்ந்தது என்பது காப்புரிமையின் கதை. ஜிஃப் பயன்படுத்திய சுருக்க முறை லெம்பல், ஸீவ், வெல்ச் ஆகிய மூவரின் பெயரால் அறியப்படுவது. அதன் அமெரிக்கக் காப்புரிமை யூனிசிஸ் நிறுவனத்திடம் இருந்தது. ஏழாண்டுகள் உலகம் முழுவதும் ஜிஃப் பரவிய பின், 1994 டிசம்பர் இறுதியில், அவ்வடிவத்தைக் கையாளும் மென்பொருள் ஆக்குவோர் உரிமத் தொகை செலுத்த வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. அடுத்த சில நாள்களில், 1995 ஜனவரி தொடக்கத்திலேயே, தாமஸ் பவுடெல் மாற்று வடிவம் ஒன்றின் வரைவை வெளியிட்டார். தன்னார்வலர் பலர் சேர்ந்து செப்பனிட்ட அது பிஎன்ஜி என்ற பெயரில் 1996 அக்டோபரில் முதல் பதிப்பாக வந்தது. ஓர் எண்ணையும் இழக்காமல் சுருக்குவதும், பின்னணியை முழுமையாகவோ பகுதியாகவோ ஒளிபுகுமாறு விட இடந்தருவதும் அதன் சிறப்புகள். ஆயினும் உலாவிகள் அதனை முழுமையாகக் காட்டப் பல்லாண்டுகள் ஆயின. 2003இல் யூனிசிஸின் அமெரிக்கக் காப்புரிமை காலாவதியான நேரத்திலும் ஜிஃப் வழக்கொழிந்துவிடவில்லை.

இதே காலத்தில்தான் தமிழ் எழுத்து படமாக வேண்டிய நிலை ஏற்பட்டது. யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் தமிழுக்கு 1991இலேயே இடம் ஒதுக்கப்பட்டது. ஆனால் விண்டோஸ் 2000 வரும்வரை பொதுமக்களின் கணினிகள் அதனைக் காட்டவில்லை. இடைப்பட்ட காலத்தில் ஒவ்வோர் இதழும் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஓர் எழுத்துருவும் அதற்கேற்ற குறியீடும் வைத்திருந்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்ப் பக்கம், கொக்கியும் தொப்பியும் அணிந்த ஐரோப்பிய எழுத்துகளின் குப்பையாகத் தெரிந்தது. மலேசியாவில் முத்து நெடுமாறன் ஆக்கிய முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்கள் இந்த இடைவெளியைக் குறைத்தன. மின்னஞ்சல்வழிக் கலந்துரையாடிய தன்னார்வலர்கள் திஸ்கி என்ற குறியீட்டை வகுத்தனர். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு தாம், தாப் என்ற இரு குறியீடுகளை ஏற்றது. தீர்வுகள் பெருகப் பெருக மாற்றுநிரல்களின் தேவையும் பெருகியது என்பது வேறு. எழுத்துருவை இறக்கிக்கொள்ளத் தெரியாத வாசகரையும் எட்ட விரும்பியோருக்கு எஞ்சிய வழி, தலைப்பையோ கவிதையையோ முழு அறிவிப்பையோ ஜிஃப் படமாக்கிப் பக்கத்தில் ஒட்டிவிடுவதே. எழுத்து எழுத்தாக இருந்தால் சிலருக்கே தெரியும், படமானால் எல்லோருக்கும் தெரியும் என்ற தலைகீழ் நிலை அது. தமிழ் காட்டாத பழைய கைப்பேசிகளில் எழுத்துகளுக்குப் பதில் வெறுங்கட்டங்களைக் கண்டு பழகியோர், 2010இல் தமிழ்நாட்டரசு யூனிகோடை முறையாக ஏற்ற பின்னும், பழைய வழக்கத்தை விடவில்லை. இன்றைய திருவிழா அழைப்பு படமாக வருவதற்கு அலங்காரம் ஒரு காரணம்; இப்பழக்கம் இன்னொன்று.

இந்நிலையில் புதிய கலம் ஒன்று வந்தது. 2010இல் ஆன்2 நிறுவனத்தை வாங்கிய கூகுள், அதன் விபி8 என்ற காணொளிச் சுருக்க முறையிலிருந்து ஒற்றைச் சட்டகத்தை மட்டும் எடுத்து, வெப்பி என்ற பட வடிவத்தை அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில் அறிவித்தது. அக்கம்பக்கத்துக் கட்டங்களைக் கொண்டு ஒரு கட்டம் எப்படியிருக்கும் என்று ஊகித்து, ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எழுதிவைப்பது அதன் முறை. ஒத்த தரமுள்ள ஜேபெக் படத்தைவிடக் கோப்பு 25 முதல் 34 விழுக்காடு சிறியது என்பது கூகுளின் கணக்கு. இழப்பற்ற சுருக்கமும் ஒளிபுகு பின்னணியும் அசைபடமும் ஒரே வடிவத்தில் அடங்கியது, ஜிஃப், ஜேபெக், பிஎன்ஜி மூன்றுக்கும் ஒரே மாற்று என்ற நம்பிக்கையை ஊட்டியது.

பழக்கம் குறுக்கே நின்றது. 2013இல் முகநூல் சில பயனர்களுக்கு வெப்பியில் படம் காட்டிப் பார்த்தபோது, சேமித்த படம் தம் கணினியில் திறக்கவில்லை, அனுப்பினால் பெற்றவர்க்கும் தெரியவில்லை என்று பயனர்கள் குறைகூறினர். உலாவிக்குள் நன்றாகத் தெரிந்த படம் வெளியே வந்ததும் ஊமையானது. ஃபயர்ஃபாக்ஸ் 2019 ஜனவரியிலும் ஆப்பிளின் சஃபாரி 2020 செப்டம்பரிலும்தான் வெப்பியை ஏற்றன. ஃபோட்டோஷாப் செருகுநிரல் இன்றித் திறக்க 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தப் பத்தாண்டு இடைவெளியில்தான், இணையத்திலிருந்து இறக்கிய வெப்பியை ஜேபெக்காகவோ பிஎன்ஜியாகவோ மாற்றும் வேலை அச்சுக்கடைகளிலும் பள்ளி அலுவலகங்களிலும் அன்றாடப் பணியானது. வெப்பியைப் பிஎன்ஜி ஆக்குவதற்கெனக் கூகுளே டிவெப்பி என்ற சிறு கருவியை வழங்கியது. 1987இல் ஜான் கிறிஸ்டி தொடங்கிய இமேஜ்மேஜிக், 1996இல் வந்த இர்ஃபான்வியூ போன்ற பழைய மென்பொருள்களும் இம்மாற்றத்தைக் கற்றுக்கொண்டன.

மாற்றத்தில் எது எஞ்சும் என்பது எதிலிருந்து எதற்கு என்பதைப் பொறுத்தது. இழப்புள்ள வெப்பியை ஜேபெக் ஆக்கினால் ஏற்கெனவே இழந்ததன்மேல் இன்னோர் இழப்பு சேரும். பிஎன்ஜி ஆக்கினால் புதிய இழப்பு இராது, ஆனால் கோப்பு பன்மடங்கு பெரிதாகும், இழந்த கூர்மையும் திரும்பாது. ஜேபெக்கில் ஒளிபுகு பின்னணிக்கு இடமில்லை. அதனால் கோயில் சின்னத்தைச் சுற்றியிருந்த வெற்றிடம் மாற்றத்தின்போது கறுப்பாகவோ வெள்ளையாகவோ நிரம்பிவிடும். இவையெல்லாம் தெரியாதவர் செய்வது கோப்பின் பெயரீற்றை மட்டும் மாற்றுவது. வெப்பிக் கோப்பின் தொடக்கத்தில் 'ரிஃப்' என்ற நான்கெழுத்துக் குறியும், ஒன்பதாம் இடத்திலிருந்து அதன் சொந்தப் பெயரும் பதிந்திருக்கும். மென்பொருள்கள் பல நம்புவது அப்பதிவையே. தேயிலை டின்னின் அட்டையைக் கிழித்துக் காப்பி என்று ஒட்டினால் உள்ளிருக்கும் தூள் மாறாது. விந்தை என்னவெனில், புலனத்தில் நாள்தோறும் பறக்கும் ஒட்டிகள் பெரும்பாலும் 512 படப்புள்ளி அகலமும் உயரமும் கொண்ட வெப்பிக் கோப்புகளே. அங்கே அவற்றை மாற்ற வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை.

1990களில் படமாக்கப்பட்ட தமிழ்ப் பக்கங்களுக்கு இப்போது எதிர்த்திசை மாற்றம் தேவைப்படுகிறது. படத்துக்குள் அடைபட்ட சொல்லைத் தேடுபொறி காணாது, பார்வையற்றோர்க்கான வாசிப்புக் கருவி ஒலிக்காது. ஆகவே எழுத்துணரி என்னும் மென்பொருள் கொண்டு படத்தை மீண்டும் யூனிகோடு எழுத்தாக்க வேண்டியுள்ளது. ஹெச்பி நிறுவனம் உருவாக்கி 2005இல் திறமூலமாக்கிய டெசராக்ட் தமிழையும் படிக்கும். ஆனால் சிறிய ஜிஃபிலும் பலமுறை சுருங்கிய ஜேபெக்கிலும் அது முதலில் தவறவிடுவது மெய்யின் புள்ளியை. 'அம்மன்' என்பது 'அமமன' என்று வெளிவரும். இவ்விழப்பு தமிழுக்குப் புதிதன்று: மெய் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் வகுத்திருந்தும், எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் சுவடி எழுதியோர் புள்ளியை விட்டனர். ஓலையிலிருந்து அச்சுக்கு நூல்களை மாற்றிய சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் எங்கெங்கே புள்ளி இட வேண்டும் என்பதைப் பொருளறிந்தே முடிவு செய்தனர். எழுத்துணரியின் வெளியீட்டைத் திருத்த அமர்பவரும் மூலப்படத்தை அருகில் வைத்துக்கொண்டு, சொல்லுக்குச் சொல் அதே வேலையைச் செய்கிறார்.