எண்ணெய்க் கப்பல்களில் நிலைமின்சார விபத்துத் தடுப்பு வரலாறு

1969 டிசம்பரில், மூன்று வாரங்களுக்குள் மூன்று பேரளவு எண்ணெய்க் கப்பல்கள் ஆப்பிரிக்காவை ஒட்டிய கடல்களில் வெடித்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 லட்சம் டன் கொள்ளளவு உடையது. நெதர்லாந்தின் மார்பெஸ்ஸா செனகலின் டக்கார் நகருக்கு அப்பால் மூழ்கியது. அது கட்டப்பட்டு ஓராண்டுகூட ஆகவில்லை. பிரிட்டனின் மாக்ட்ரா டிசம்பர் 29 அன்று மொசாம்பிக் கால்வாயில் வெடித்தது. மறுநாள் நார்வேயின் கொங் ஹோக்கன் 7 மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் வெடித்தது. மூன்றிலும் சரக்கு இல்லை. மூன்றிலும் தொட்டிகள் நீர்ப்பீச்சிகளால் கழுவப்பட்டுக்கொண்டிருந்தன.

எண்ணெய் நிறைந்த தொட்டியைவிடக் காலியான தொட்டியே ஆபத்தானது. எண்ணெயை இறக்கும்போது காற்று உள்ளே புகுந்து, எஞ்சிய எண்ணெய் ஆவியுடன் கலக்கிறது. இக்கலவையைப் பற்றவைக்க ஏறத்தாழ 0.2 மில்லிஜூல் ஆற்றல் கொண்ட தீப்பொறி போதும். அந்தப் பொறி எங்கிருந்து வந்தது என்பதே கேள்வியாக இருந்தது.

பீச்சியடிக்கப்படும் நீரில் மின்சாரம் பிறக்கும் என்பது அப்போது புதிய செய்தியல்ல. 1840இல் இங்கிலாந்தின் நியூகாசில் அருகே கிராம்லிங்டன் நிலக்கரிச் சுரங்கத்தில், கொதிகலனிலிருந்து கசிந்த நீராவியில் ஒரு கையை வைத்தபடி மறு கையால் பாதுகாப்பு வால்வைத் தொட்ட தொழிலாளிக்கு அதிர்ச்சி ஏற்பட்டது. அப்போது வழக்குரைஞராக இருந்த வில்லியம் ஆம்ஸ்ட்ராங் இதை ஆராய்ந்து, நீராவியால் மின்சாரம் உண்டாக்கும் பொறியையே செய்தார். நீராவியோடு வரும் நீர்த்துளிகள் குழாய்வாயில் உராய்வதே காரணம் என்று 1843இல் மைக்கேல் ஃபாரடே காட்டினார். நீர் சிதறும்போதே மின்னூட்டம் பிரிவதை, அருவிகளை ஆராய்ந்த பிலிப் லெனார்டு 1892இல் விளக்கினார்.

ஆயினும் தொழிற்கூடங்களில் நிலைமின்சாரத்துக்கு வழக்கமான மருந்து ஒன்றே: உலோகப் பகுதிகளை ஒன்றோடொன்று இணைத்து எர்த் செய்தல். பெட்ரோலியக் குழாய்களுக்கும் தொட்டி லாரிகளுக்கும் இது பெரிதும் பயன்பட்டது. கப்பலின் கழுவுபொறியையும் எர்த் செய்யலாம். ஆனால் அது எழுப்பும் நீர்ப்பனிமூட்டத்தை எர்த் செய்ய வழியில்லை. பெருந்தொட்டியின் நடுவே அம்மூட்டத்தின் மின்னழுத்தம் பல ஆயிரம் வோல்ட் வரை உயரக்கூடும். அதனூடே விழும் நீர்த்திரள் ஒன்று, எதனுடனும் இணைப்பற்ற மின்கடத்தியாகி, தொட்டியின் உலோக விளிம்பை நெருங்கும்போது பொறி தெறிக்கலாம். விபத்துகளுக்குப் பின் நடந்த ஆய்வுகளில் முன்வைக்கப்பட்டுப் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம் இதுதான். சாட்சியம் வெடிப்போடு அழிந்ததால் நேரடி நிரூபணம் கிடைக்கவில்லை.

பொறியைத் தடுக்க முடியாதபோது எஞ்சிய வழி, எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனை அகற்றுவதுதான். கொதிகலன் புகையை நீரால் கழுவிக் குளிர்வித்துத் தொட்டிக்குள் செலுத்தும் மந்தவாயு முறையை அமெரிக்காவின் சன் ஆயில் நிறுவனம் 1930களிலேயே கையாண்டிருந்தது. செலவும் துருவும் பலரைத் தயங்கவைத்தன. ஆக்சிஜன் ஏறத்தாழ 11 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் எண்ணெய் ஆவி எரியாது. பாதுகாப்புக்காக 8 விழுக்காடு வரம்பாகக் கொள்ளப்பட்டது. கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான 1974ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கை, 1 லட்சம் டன்னும் அதற்கு மேலும் உள்ள புதிய எண்ணெய்க் கப்பல்களுக்கு இம்முறையைக் கட்டாயமாக்கியது. 1976இல் லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகத்தில் சான்சினேனா கப்பல் வெடித்தது உள்ளிட்ட விபத்துகளைத் தொடர்ந்து, 1978ஆம் ஆண்டு நெறிமுறை புதிய கப்பல்களுக்கான வரம்பை 20,000 டன்னாகக் குறைத்தது. 2016 முதல் கட்டப்படும் கப்பல்களுக்கு அது 8,000 டன்.

மந்தவாயுவும் நிலைமின்சாரத்திலிருந்து முற்றிலும் விலகியதல்ல. புகையோடு வரும் நுண்துகள்கள் மின்னூட்டம் சுமப்பவை. ஆகவே வாயு செலுத்தும் அமைப்பு பழுதாகி நின்றால், குறைந்தது 30 நிமிடங்கள் கழித்தே அளவுக்கோலையோ மாதிரி எடுக்கும் கலத்தையோ தொட்டிக்குள் இறக்க வேண்டும் என்பது கப்பல் பணியாளர்கள் பின்பற்றும் நடைமுறை.