டீசல் காசுக்கு வந்த டிராக்டர்

போன வருஷம் மாசி மாதம் எங்கள் ஊர்க் கண்மாயின் வரத்துக்கால்வாயைச் சுத்தம் செய்தோம். சனி, ஞாயிறு மட்டும் வேலை. இருபது பேர் இருப்போம். என்னைப் போல வெளியூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் பாதி, ஊரிலேயே இருப்பவர்கள் பாதி. சீமைக்கருவேலத்தைத் தூரோடு பிடுங்க ஜேசிபியை வாடகைக்கு எடுத்தோம். மண் அள்ளிப் போட டிராக்டரும் டிரெய்லரும் பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் கொடுத்தார். கூலி வேண்டாம், டீசல் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். ஓட்ட அவருடைய ஆளையே அனுப்பினார்.

மூன்றாவது ஞாயிறு, வண்டல் நிறைந்த டிரெய்லர் ஒரு தரிசு நிலத்தின் மூலையைக் குறுக்கே கடந்து போனது. சாயங்காலம் நிலத்துக்காரப் பெரியவர் மோட்டாரைப் போட்டிருக்கிறார். தென்னைக்குத் தண்ணீர் போகவில்லை, தரிசில் குமிழியிட்டு வந்தது. ஒரு அடி ஆழத்தில் கிடந்த பிவிசி குழாய் நசுங்கி, இரண்டு இடத்தில் பிளந்துவிட்டது. நேராக என்னிடம்தான் வந்தார். "தம்பி, வேணும்னு செய்யலைன்னு எனக்குத் தெரியும். ஆனா தென்னை காயுதே?"

அன்று ராத்திரி எங்கள் வாட்ஸப் குழு இரண்டாகப் பிரிந்தது. குழாயை இவ்வளவு மேலாகப் பதித்தது அவர் தப்பு என்றது ஒரு கட்சி. டிரைவர் பார்த்து ஓட்டியிருக்க வேண்டும் என்றது இன்னொரு கட்சி. அந்த டிரைவருக்கு நாள் கூலி எவ்வளவு என்று தெரிந்தவர்கள் பேசாமல் இருந்தார்கள். கடைசியில் ஒருவர், "வண்டிக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்குமே, அதுல கேளுங்க" என்றார். எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. நானும் நம்பித்தான் அண்ணனிடம் பாலிசியை வாங்கினேன். அவரிடம் இருந்தது இரண்டு பக்கத் தாள், அதில் சட்டப்படியான மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும். முழு நிபந்தனைகளை, 2002ல் வந்த இந்திய மோட்டார் டாரிஃப் புத்தகத்தில் தேடிப் படித்தேன். லாக் ஃபைல் படித்துப் பிழைப்பு நடத்துகிறவனுக்கு இது பழகிய வேலைதான்.

வணிக வாகனங்களுக்கான பாலிசியில், எதற்கெல்லாம் பணம் தர மாட்டோம் என்று ஒரு பட்டியல் வருகிறது. வண்டியின் எடையாலோ அதிர்வாலோ பாலத்துக்கும் சாலைக்கும் அதன் அடியில் உள்ள எதற்கும் ஏற்படும் சேதம் கிடையாது. எங்கள் குழாய் அப்படியே அந்த வரியில் உட்கார்ந்துகொண்டது. வண்டியில் ஏற்றிச் செல்லும் பொருளுக்கு வரும் சேதமும் கிடையாது. இன்னும் கொஞ்சம் தள்ளி, வண்டியிலிருந்து பறக்கும் தீப்பொறியாலும் சாம்பலாலும் வரும் சேதம், வண்டியின் பாய்லர் வெடித்து வரும் சேதம் என்று இருந்தது.

பாய்லரா? 2002ல் எந்த லாரியில் பாய்லர் இருந்தது? எங்கள் புராஜெக்ட்டிலும் இப்படிச் சில வரிகள் உண்டு. எழுதியவர் வேலையை விட்டே பத்து வருஷம் ஆகியிருக்கும், நீக்க யாருக்கும் தைரியம் இருக்காது. இந்த வரியை யார் எழுதியிருப்பார்கள் என்று தேடப்போனதில்தான் இந்தக் கட்டுரை வந்தது.

டிராக்டருக்குத் தாத்தா, நீராவியில் ஓடிய டிராக்‌ஷன் எஞ்சின். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கதிரடிக்கும் எந்திரத்தை ஊர் ஊராக இழுத்துப் போனது இதுதான். 1861லும் 1865லும் இதற்கென்று சட்டங்கள் போட்டார்கள். 1865 சட்டப்படி கிராமத்தில் மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல்தான் வேகம், முன்னால் ஒருவர் சிவப்புக் கொடியோடு நடக்க வேண்டும். அப்படிப் போன ஓர் எஞ்சினிலிருந்து பறந்த தீப்பொறியில் சாலையோர வைக்கோல் போர் ஒன்று எரிந்தது. 1880ல் இது மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. பவல் எதிர் ஃபால் வழக்கு.

எஞ்சின் சட்டம் சொன்னபடியே கட்டப்பட்டது, ஓட்டியவர்மீது கவனக்குறைவும் இல்லை. இருந்தும் உரிமையாளர்தான் நஷ்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. நீதிபதி பிராம்வெல் சொன்ன காரணம் பச்சையான கணக்கு: இந்த எஞ்சினால் லாபம் வந்தால் அதில் அடுத்தவன் நஷ்டத்தைக் கொடு, கொடுக்கக் கட்டாது என்றால் அந்த எஞ்சின் ஓட வேண்டிய அவசியமே இல்லை. வைக்கோல்காரர் ஏன் எஞ்சின்காரரின் செலவைச் சுமக்க வேண்டும்?

இப்படி ஒரு தீர்ப்பு இருக்கும் நாட்டில் காப்பீடு விற்கிறவர் தீப்பொறியையும் பாய்லரையும் வெளியே தள்ளிவிட்டுத்தான் பாலிசி எழுதுவார் என்று தோன்றுகிறது. நீராவி போய் டீசல் வந்த பிறகும் வாசகம் போகவில்லை. கப்பல் ஏறி நம்ம ஊருக்கும் வந்துவிட்டது.

பிராம்வெல்லின் கணக்கு எங்களுக்கு முழுசாகப் பொருந்தாது. அந்த எஞ்சின் காசுக்கு ஓடியது, எங்கள் டிராக்டர் சும்மா வந்தது. லாபமே இல்லாதவனிடம் நஷ்டத்தைக் கேட்கலாமா? இந்தக் கேள்வி எஞ்சினைவிடப் பழையது.

1703, லண்டன். பெர்னார்ட் என்பவர் காக்ஸ் என்பவருடைய பிராந்திப் பீப்பாய்களை ஒரு நிலவறையிலிருந்து எடுத்து இன்னொரு நிலவறையில் பத்திரமாக இறக்கி வைப்பதாக ஒப்புக்கொண்டார். இறக்கும்போது ஒரு பீப்பாய் உடைந்து பிராந்தி தரையில் ஓடியது. காக்ஸ் வழக்குப் போட்டு ஜெயித்தார். பெர்னார்டின் வக்கீல் ஒரு நல்ல பாயிண்டைப் பிடித்தார்: இவர் தொழில்முறைச் சுமைதூக்கி என்றோ, கூலி வாங்கினார் என்றோ மனுவில் எங்கேயும் இல்லை. காசு வாங்காதவன்மேல் என்ன ஒப்பந்தம், என்ன பொறுப்பு?

தலைமை நீதிபதி ஜான் ஹோல்ட்டும் மற்ற மூன்று நீதிபதிகளும் பெர்னார்டுக்கு எதிராகத்தான் சொன்னார்கள். செய்கிறேன் என்று சொல்லிவிட்டுச் செய்யாமல் இருந்திருந்தால் கேட்க முடியாது, அது வெறும் வாக்கு. பீப்பாயில் கை வைத்த பிறகு கவனமாகத்தான் இறக்க வேண்டும். நம்பி ஒப்படைத்ததே போதுமான காரணம் என்றார் ஹோல்ட். அதே தீர்ப்பில் இன்னொரு காரியமும் செய்தார். அதற்கு நூறு வருஷம் முன்னால், 1601ல், சவுத்கோட் வழக்கில் ஒரு விதி வந்திருந்தது. ஒருவர் நம்பிக் கொடுத்த பொருளைச் சும்மா பார்த்துக்கொள்கிறவர், அது திருடு போனாலும் பதில் சொல்ல வேண்டும். உதவி செய்யப் போனவன் தலையில் இவ்வளவு சுமையா என்று ஹோல்ட் அதையும் தள்ளினார். கவனக்குறைவு இருந்தால் பொறுப்பு, இல்லையென்றால் இல்லை.

ஓப்பன் சோர்ஸ் ஆட்களுக்கு இந்த இடம் பிடிக்காது. எம்ஐடி லைசென்ஸில் பெரிய எழுத்தில் "இருப்பது இருப்பபடியே, எந்த உத்தரவாதமும் இல்லை" என்று எழுதித்தான் நாங்கள் இலவசமாகக் கொடுக்கிறோம். பெர்னார்டிடம் அப்படி ஒரு ஃபைல் இல்லை.

ஹோல்ட்டின் தீர்ப்பை விரித்து 1781ல் ஒரு சிறு நூல் எழுதியவர் வில்லியம் ஜோன்ஸ். 1783ல் கல்கத்தா உச்ச நீதிமன்றத்துக்கு நீதிபதியாக வந்து, அடுத்த வருஷமே ஆசியாட்டிக் சொசைட்டியைத் தொடங்கிய அதே ஜோன்ஸ்தான். யாருக்கு லாபம் என்பதைப் பொறுத்து கவனத்தை அவர் மூன்று படிகளாகப் பிரித்தார். வெறுமனே உதவி செய்கிறவன் அப்பட்டமான அஜாக்கிரதைக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். இரவல் வாங்கிக்கொண்டு போனவன் துளிப் பிசகுக்கும் பதில் சொல்ல வேண்டும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் 1872ல் இந்திய ஒப்பந்தச் சட்டம் எழுதியவர்கள் இந்தப் படிகளை எடுத்துக்கொள்ளவில்லை. பிரிவு 151 ஒரே அளவுகோல் வைக்கிறது: சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படி. கூலி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அதுதான்.

இதெல்லாம் பீப்பாய்க்கு. இரவல் வாங்கிய டிராக்டரின் ஆக்சில் முறிந்தால் இதை வைத்துப் பேசலாம். பெரியவரின் குழாய் யாரும் எங்களிடம் ஒப்படைத்தது இல்லை. எங்கள் உதவியை அவர் கேட்கவும் இல்லை. நாங்கள் கூலி வாங்கினோமா இல்லையா என்பது அவருக்குச் சம்பந்தமே இல்லாத விஷயம். ஓட்டியவர் கவனமாக ஓட்டினாரா, இல்லையா? டிரைவர் அண்ணனின் ஆள் என்பதால், இல்லை என்று முடிவானால் அந்தப் பதில் அண்ணனையும் இழுக்கும். உதவி செய்ய வண்டி அனுப்பியவர்தான் முதலில் மாட்டுகிறார். குழுவில் யாருமே யோசிக்காதது இதுதான்.

அமெரிக்காவில் தன்னார்வலர்களுக்குப் பாதுகாப்பாக 1997ல் ஒரு சட்டம் வந்தது. லாப நோக்கமற்ற அமைப்புக்காக வேலை செய்யும்போது சாதாரணக் கவனக்குறைவில் சேதம் நேர்ந்தால் தன்னார்வலர்மேல் தனிப்பட்ட பொறுப்பு இல்லை. நல்ல சட்டம் என்று மேலே படித்தால் ஒரு விலக்கு வருகிறது: லைசென்ஸோ காப்பீடோ கட்டாயமான வாகனம் ஓட்டும்போது நேர்ந்த சேதத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. மண்வெட்டி பிடித்தவனுக்கு விட்டுக்கொடுத்த சட்டம் ஸ்டீயரிங் பிடித்தவனுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்குமே என்று நம்ம வாட்ஸப் குழு நினைத்ததைத்தான் அவர்களும் நினைத்திருக்கிறார்கள் போல.

நம்ம ஊரில் அந்த இன்சூரன்ஸ் எவ்வளவு தூரம் வரும்? 1939 மோட்டார் வாகனச் சட்டத்தில் மூன்றாம் தரப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கிய அத்தியாயம் 1946 ஜூலை 1ல்தான் அமலுக்கு வந்தது. அது மனித உயிரையும் உடம்பையும் நினைத்து எழுதியது. சொத்துச் சேதம் 1969 திருத்தத்தில் சேர்ந்தது, உச்சவரம்பு 2,000 ரூபாய். பிறகு 6,000 ஆனது. 1988 சட்டமும் அந்த 6,000ஐ அப்படியே எடுத்துக்கொண்டது. பாலிசியில் கூடுதலாக 7.5 லட்சம் வரை எடுக்கலாம்தான், ஆனால் எடையால் அடியில் உடைந்தது என்ற விலக்கு அங்கே நிற்கும். சட்டம் கட்டாயமாக்கிய காப்பீட்டுக்கும் இன்னொரு நிபந்தனை உண்டு: விபத்து பொது இடத்தில் நடந்திருக்க வேண்டும். பெரியவரின் தரிசு பொது இடமா?

வண்டி என்ன வேலைக்குப் போனது என்பதும் வரும். 2004ல் சின்னம்மா என்பவருடைய வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பார்த்தது. ஒரு காய்கறி வியாபாரி தான் வாங்கிய காய்கறியை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி, கூடவே சந்தைக்குப் போனபோது விபத்தில் இறந்தார். காய்கறி விவசாய விளைபொருள்தானே என்று வாதம். விளைபொருளாக இருக்கலாம், ஆனால் அது இன்னொருவரின் வியாபாரச் சரக்கு, விவசாய வேலை இல்லை என்றது கோர்ட். எங்கள் டிரெய்லரில் மண்மேல் நான்கு பையன்கள் உட்கார்ந்து வந்தார்கள். இந்தத் தீர்ப்பைப் படித்த அன்று எனக்குக் குழாய் மறந்துபோய்விட்டது.

டிராக்டர் எப்போது வாகனம், எப்போது வெறும் எந்திரம் என்று ஐரோப்பாவும் குழம்பியிருக்கிறது. 2007 ஆகஸ்டில் ஸ்லோவேனியாவில் ஒரு களஞ்சியத்தில் வைக்கோல் கட்டுகளைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பின்பக்கமாக வந்த டிராக்டரின் டிரெய்லர் ஏணியில் மோத, ஏணியில் இருந்தவர் விழுந்தார். இது பண்ணை முற்றம், சாலை இல்லை. எங்கள் பாலிசி போக்குவரத்துக்குத்தான் என்றது காப்பீட்டு நிறுவனம். உள்ளூர்க் கோர்ட்டுகளும் ஆமாம் என்றன. 2014ல் ஐரோப்பிய நீதிமன்றம் அதை மாற்றியது: வண்டி தன் இயல்பான வேலையைச் செய்தால் எங்கே நின்றாலும் காப்பீடு உண்டு.

இதே நீதிமன்றம் 2017ல் போர்ச்சுகலிலிருந்து வந்த ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. திராட்சைத் தோட்டத்துப் பாதையில் டிராக்டரை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, களைக்கொல்லி மருந்து பம்பை இயக்கிக்கொண்டிருந்தார்கள். முந்தைய நாட்களின் மழை, டிராக்டரின் எடை, எஞ்சினின் அதிர்வு எல்லாம் சேர்ந்து சரிவு பெயர்ந்தது. டிராக்டர் உருண்டு கீழே வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் இறந்தார். அந்த நேரத்தில் அது வாகனமாக ஓடவில்லை, பம்பு எந்திரமாகத்தான் ஓடியது, ஆகவே மோட்டார் காப்பீடு கட்டாயம் இல்லை என்று தீர்ப்பு. எடையும் அதிர்வும் இங்கேயும் வந்து நிற்கின்றன. பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே வந்த கையோடு, அந்த ஸ்லோவேனியத் தீர்ப்பின் விளைவைத் தன் சட்டத்திலிருந்து 2022ல் நீக்கிவிட்டது.

நான் படித்த இத்தனை வழக்கிலும், காப்பீட்டுக் கம்பெனி கேட்பது வண்டி எங்கே நின்றது, என்ன ஏற்றியது, எது உடைந்தது என்றுதான். உதவிக்கு வந்ததா கூலிக்கு வந்ததா என்று கேட்டால், கூலி என்றால் தர வேண்டாமே என்பதற்காகத்தான் கேட்பார்கள்.

எங்கள் கதையில், நாங்கள் க்ளெய்ம் போடவில்லை. குழாய், கப்ளிங், பள்ளம் தோண்டும் கூலி என்று குழுவில் பிரித்துக்கொண்டோம். அண்ணன் தன் பங்கு என்று ஆயிரம் ரூபாய் நீட்டினார், வாங்கவில்லை. பெரியவர் குழாய்க்காசு மட்டும் எடுத்துக்கொண்டு, தோண்டும் கூலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதை அவரும் மகனும் தோண்டினார்களாம்.

இந்த வருஷம் வண்டி இறங்குவதற்கு முந்தின நாள் சாயங்காலம், நிலத்துக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் குழாய் போகும் இடமெல்லாம் சுண்ணாம்புத் தூள் போட்டோம். டிரெய்லரில் யாரும் ஏறக்கூடாது என்றதும் பையன்களுக்குக் கோபம். டிரைவரின் லைசென்ஸைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி அண்ணனிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு போன் வந்தது. "என்னடா தம்பி, ஆர்டிஓ ஆயிட்டியா?" என்றார். போட்டோவும் வந்தது. லைசென்ஸ் ஐந்து மாதம் முன்னால் காலாவதி ஆகியிருந்தது.