கூப்பன் பிறந்த கதை

1942 மார்ச்சில் பர்மாவின் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. அடுத்த மாதம் 5ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பின் மேல் குண்டு விழுந்தது. நகரத்துச் சனம் குண்டுக்குப் பயந்து ஊர்களுக்கு ஓடியது. ஊர்களில் இருந்தவர்களுக்கோ ரங்கூன் போனதுதான் பெரிய அடி. அப்போது இலங்கை தின்ற சோற்றில் பெரும்பங்கு பர்மா அரிசி. அந்த வருடமே அரசாங்கம் அரிசிக்குப் பங்கீடு கொண்டுவந்தது. ஆளுக்கு இவ்வளவு என்று எழுதிய கூப்பன் புத்தகம் அப்படித்தான் பிறந்தது.

ஏழைகள் மேல் இரக்கப்பட்டு யாரும் அதை அச்சடிக்கவில்லை. போர்க்காலத்தில் சோற்றுக்காகக் கலகம் வந்துவிடக் கூடாது என்ற பயம்தான் காரணம். ஆனாலும் அதில் ஒரு நேர்மை இருந்தது. கொழும்புக் கறுவாத்தோட்டத்துப் பங்களாவுக்கும் புத்தளம் கற்பிட்டிக் கரையிலுள்ள ஆலங்குடாவின் கிடுகு வீட்டுக்கும் ஒரே மாதிரிப் புத்தகம். உன் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்களே தவிர, நீ எவ்வளவு ஏழை என்று கேட்கவில்லை. கூப்பன் அரிசி விற்பதற்கென்றே சங்கக்கடைகள் ஆயிரக்கணக்கில் முளைத்தன.

போர் முடிந்தது, வெள்ளைக்காரன் போனான், புத்தகம் மட்டும் போகவில்லை. 1953 ஜூலையில் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தன ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினார். பள்ளிப் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டிலும் கை வைத்தார். ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால். ரயில் பாதைகள் பெயர்க்கப்பட்டன, சூடு விழுந்தது, ஆட்கள் செத்தார்கள். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற நியூஃபவுண்ட்லாந்து என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏறிக் கூட்டம் நடத்தியது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

1962இல் நிதியமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க பங்கீட்டைக் குறைக்கப் பார்த்தார். சொந்தக் கட்சியே எதிர்க்க, அமைச்சுப் பதவியை விட்டுப் போனார். பிரதமராகத் திரும்பி வந்த டட்லி, பங்கீட்டின் இரண்டு கொத்தை ஒரு கொத்தாக்கி, அதை இலவசமாகவே கொடுத்தார். சனம் இலவசத்தைப் பார்க்கவில்லை, கொத்தைப் பார்த்தது. சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டுவந்து இரண்டு கொத்து தருவோம் என்று எதிரணி மேடை போட்டுச் சொன்னது. 1970இல் டட்லி தோற்றார். ஒரே மனிதரை இரண்டு முறை அரிசி கவிழ்த்த நாடு வேறு எங்காவது இருக்கிறதா தெரியாது.

ஹர்த்தாலுக்கு வழி திறந்த ஜே. ஆர். 1977இல் தானே ஆட்சிக்கு வந்தார். இம்முறை அவர் விலையைத் தொடவில்லை, வரிசையைத் தொட்டார். 1978இல் மாத வருமானம் 300 ரூபாய்க்கு மேற்பட்ட குடும்பங்களின் கூப்பன் போனது. மறுவருடம் மிஞ்சியவர்களின் அரிசியும் போய், உணவு முத்திரை வந்தது. முத்திரையில் அச்சடித்த ரூபாய் அப்படியே நின்றது, கடையில் விலை ஏறிக்கொண்டே போனது. அரிசியாகக் கொடுத்திருந்தால் குறைத்தது கண்ணுக்குத் தெரிந்திருக்கும். இதற்கு ஹர்த்தால் நடக்கவில்லை. நடுத்தரக் குடும்பங்கள் வரிசையை விட்டுப் போய்விட்டதும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தனக்கு இல்லாத ஒன்றுக்காக யார் தெருவில் இறங்குவார்கள்?

வரிசையைச் சுருக்காத நாடும் உண்டு. அயர்லாந்து 1944இல் பிள்ளைகளுக்கான உதவித்தொகையைத் தொடங்கியபோது, மூன்றாவது பிள்ளையிலிருந்து, வசதி பார்க்காமல் எல்லாக் குடும்பங்களுக்கும் கொடுத்தது. பணக்காரன் வீட்டுப் பிள்ளைக்கும் ஏன் என்று அங்கே அவ்வப்போது சண்டை கிளம்பும். ஆனாலும் இன்றுவரை எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. நாம் அந்தச் சண்டையை 1978இலேயே முடித்துவிட்டு, யார் ஏழை என்ற சண்டையைத் தொடங்கினோம்.

அதற்குப் பிறகு ஏழைக்கான உதவித் திட்டத்துக்குப் பெயர்கள் மாறிக்கொண்டே வந்தன. 1989இல் ஜனாதிபதி பிரேமதாசவின் ஜனசவிய: மாதம் 2,500 ரூபாய், இரண்டு வருடத்துக்கு, அதில் 1,042 ரூபாய் சேமிப்பில் விழும், முடிவில் 25,000 ரூபாய் முதல் சேரும் என்ற கணக்கு. 1995இல் ஜனாதிபதி சந்திரிகாவின் சமுர்த்தி. பிறகு அமைச்சர் பசில் ராஜபக்ஷவின் திவிநெகும. அந்தச் சட்டமூலத்துக்கு மாகாண சபைகளின் சம்மதம் வேண்டும் என்றது உயர் நீதிமன்றம். அந்த இழுபறியின் சூட்டிலேயே பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க 2013 ஜனவரியில் பதவி நீக்கப்பட்டார்.

ஆலங்குடாவுக்கு இந்தக் கதையில் தனி அத்தியாயம் உண்டு. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றினார்கள். மன்னார்ப் பக்கத்துச் சனம் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைகளில் வந்து இறங்கியது. ஊர்க்காரர்கள்தான் முதலில் சோறு போட்டார்கள். தென்னந்தோட்டங்களுக்குள் கொட்டில்கள் எழுந்தன, முகாம்கள் ஆயின. வந்தவர்களுக்கு நிவாரண அட்டை. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 1,260 ரூபாய்ப் பெறுமதியான உலருணவு. வருடக்கணக்காக அந்தத் தொகை அசையவேயில்லை. முத்திரைக்கு நடந்ததேதான்.

ஆக, ஒரே ஊரில் இரண்டு ஏழைகள். ஒருவருக்கு நிவாரணம், மற்றவருக்குச் சமுர்த்தி. வெங்காயத் தோட்டத்தில் இருவரும் ஒரே வரப்பில் நின்றார்கள். நிவாரணம் வாங்குகிறவர்கள் குறைந்த கூலிக்கும் வருவார்கள், எங்கள் கூலி விழுந்துவிட்டது என்பது ஊர்க்காரர் குறை. கிடைக்கிற கூலியை விட்டால் அட்டை மட்டும் அடுப்பெரிக்குமா என்பது வந்தவர் கேள்வி. இரண்டும் நியாயம்தான். வந்தவர்களில் பலருடைய வாக்கு மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் பதிவில் கிடந்தது. புத்தளத்து அரசியல்வாதிக்கு அவர்கள் பசியால் ஒரு வாக்கும் கூடவோ குறையவோ போவதில்லை. அரிசி அரசாங்கங்களைக் கவிழ்த்ததெல்லாம் வாக்கும் வயிறும் ஒரே ஊரில் இருந்தபோதுதான்.

2022இல் நாடே வங்குரோத்தானது. சர்வதேச நாணய நிதியத்தின் கடனோடு, ரணில் விக்கிரமசிங்கவின் ஆட்சியில், 2023 ஜூலையிலிருந்து அஸ்வெசும என்ற உதவித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 22 அளவுகோல்கள், நான்கு வகுப்புகள்: நிலைமாறும் குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபாய், பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு 5,000, வறியவர்களுக்கு 8,500, மிக வறியவர்களுக்கு 15,000. பெயர்ப்பட்டியலைப் பகிரங்கமாக வைத்து, விடுபட்டவர் மேன்முறையீடு செய்யலாம், தகுதியில்லாதவர் மேல் மற்றவர் ஆட்சேபிக்கலாம் என்றார்கள். பக்கத்து வீட்டு வறுமைக்கு நாம் சாட்சி சொல்லும் காலம். அளவுகோல்களில் மின்சாரப் பாவனையும் அடக்கம். ஆலங்குடாவுக்குப் பக்கத்திலேயே நுரைச்சோலையில் 900 மெகாவோட் நிலக்கரி மின்நிலையம் புகை விட்டுக்கொண்டிருக்கிறது.

2024 செப்டெம்பரில் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். வழக்கப்படி புதுப் பெயர் வந்திருக்க வேண்டும். வரவில்லை. 2025 ஜனவரியிலிருந்து 8,500 ரூபாய் 10,000 ஆகவும், 15,000 ரூபாய் 17,500 ஆகவும் உயர்ந்தன. திட்டமும் பெயரும் அப்படியே இருக்கின்றன. ஒரு அரசாங்கம் தன் பெயரை ஒட்டாமல் ஏழைக்குப் பணம் கொடுப்பது இந்த நாட்டில் அபூர்வம்.

அஸ்வெசும படிவத்தில் மட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது. தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆலங்குடாக் கரையில் கடல் ஏறும். வள்ளம் இறங்காது, சிலர் தொழில் தேடிக் கிழக்குக் கரைக்குப் போய்விடுவார்கள். காற்று விழுந்தால் கையில் காசு புழங்கும். தோட்டக் கூலியும் நடுகை, அறுவடை என்று வந்து போகும். கணக்கெடுக்க வருகிறவர் எந்த மாதத்தில் வாசலில் நிற்கிறாரோ, அந்த மாதத்து வீடுதான் படிவத்தில் ஏறுகிறது.