கடைசி வரிசைக்கும் எட்டும் குரல்



பவள விழா மலர் என்றால் கோபுரமும், கோயில் மணியும், கொடிமரமும், முன்னாள் பங்குக் குருக்களின் படங்களும் இடம்பெறுவது மரபு. அவை யாவும் இம்மலரின் பிற பக்கங்களில் முறைப்படி இடம்பெற்றுள்ளன. நாமோ எவரும் நிமிர்ந்து பாராத ஒரு பொருளின் வரலாற்றை எழுதப் புகுந்தோம். நம் ஆலயத்தின் இரு பக்கச் சுவர்களிலும் ஆளுயரத்திற்கு மேலே, பீடத்தை நோக்கித் துடுப்புப்போல் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு ஆண்டெனாக்களே அப்பொருள்.

இவை வந்த கதை கடைசி வரிசையில் அமரும் ஒரு மூதாட்டியின் முறையீட்டில் தொடங்குகிறது. ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவர் நம்மிடம் வந்து, "சாமி, வாசகம் பாதி வருது, பாதி போவுது. எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. காதுல விழுந்தாத்தானே உண்டு" என்றார். அச்சொல் நம்மை உறுத்தியது.

இலத்தீன் பூசைக் காலம்

பழநி மலைகளில் திருச்சபையின் பணி ஒலிபெருக்கியை நம்பித் தொடங்கியதன்று. கோடைக்கானல் சலேத் மாதா ஆலயம் 1866-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. செண்பகனூர் திரு இருதயக் கல்லூரியைச் சேசு சபையார் 1895-இல் நிறுவினர். அந்நாளைய குருக்களுக்குத் தொண்டையே கருவி. உயர்ந்த பிரசங்க மேடையும் அதன் தலைக்குமேல் கவிந்த பலகையுமே ஒலிபெருக்கி. பூசை இலத்தீனில் நடந்தது; மக்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தனர். சொல் விளங்காவிடினும் பக்தி குறையவில்லை என்று மூத்தோர் கூறுவர், அது மெய்யே.

ஆயினும் 1963 டிசம்பர் 4-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டைப் பற்றிய ஏட்டை வெளியிட்டபின் நிலைமை மாறியது. வாசகமும் மன்றாட்டும் தாய்மொழிக்கு வந்தன. கேட்பது வழிபாட்டின் பகுதியாயிற்று. 1970-இல் வெளியான உரோமைத் திருப்பலிப் புத்தகத்தின் பொது விதிமுறையோ, தற்காலத் தொழில்நுட்பத்தின் துணைகொண்டாகிலும் மக்கள் நன்கு கேட்கும்படி செய்யவேண்டும் என்று பணிக்கிறது. தமிழில் வாசித்தும் அது கடைசி வரிசைக்கு எட்டவில்லையெனில், அங்கிருப்போருக்கு இன்னும் இலத்தீன் காலமே என்பதை நாம் மறக்கலாகாது.

கம்பியில்லாக் குரலும் குருக்களும்

கம்பியில்லாமல் ஒலியை அனுப்பும் கலையில் குருக்களுக்கும் பங்குண்டு என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. பிரேசில் நாட்டுக் குரு ரொபெர்த்தோ லாந்தெல் தெ மோரா 1900-ஆம் ஆண்டு சான் பவுலோ நகரில் மனிதக் குரலைக் கம்பியின்றிச் சுமார் 8 கிலோமீட்டர் தொலைவுக்கு அனுப்பிக் காட்டினார். நம் நாட்டில் மின் அலை ஆய்வுக்கு வழிகாட்டிய ஜகதீஷ் சந்திர போஸ், கல்கத்தா தூய சவேரியார் கல்லூரியில் சேசு சபைக் குரு லாஃபோன் அடிகளாரிடம் பௌதிகம் பயின்றவர். 1931 பிப்ரவரி 12-இல் பதினோராம் பத்திநாதர், மார்க்கோனி அமைத்த வத்திக்கான் வானொலியைத் தொடங்கிவைத்து உலகோரிடம் பேசினார்.

கம்பியில்லா ஒலிவாங்கி இதன் பின் வந்தது. 1953-இல் அமெரிக்காவின் ஷூர் நிறுவனமும், 1957-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனமும் இத்தகைய கருவிகளை வெளியிட்டன. நம் ஆலயத்திற்கு அது வர மேலும் பல்லாண்டுகள் ஆயின. முதலில் குருவுக்கு ஒன்று வாங்கினோம். பின் வாசகருக்கு, பாடகர் குழுவுக்கு, உபதேசியாருக்கு என நான்காயின.

எட்டுக் கம்பிகளின் சண்டை

ஒலிவாங்கி ஒன்றாக இருந்தவரை தொல்லையில்லை. நான்கானபோதே குரல் அறுபடத் தொடங்கியது. "மேகம் இறங்கிவிட்டது, அதனால்தான்" என்றனர் சிலர். நாமும் நம்பினோம். ஆனால் ஒலிவாங்கிகள் பேசும் 600 மெகாஹெர்ட்ஸ் அளவிலான அலைகளை மூடுபனி தடுப்பதில்லை. நீர் நிறைந்த மனித உடலே அவற்றை விழுங்கும். மலைக் குளிர் செய்யும் தீங்கு வேறு: அது பேட்டரியின் வலுவைக் குறைக்கும்.

பங்குப் பேரவையில் இதுபற்றி நெடுநேரம் விவாதித்தோம். விலையுயர்ந்த புதிய ஒலிவாங்கிகள் வாங்குவோம் என்றனர் ஒரு சாரார். ஏழைகள் நிறைந்த பங்கில் இது ஆடம்பரம் என்றனர் மறு சாரார். முடிவில் வத்தலக்குண்டிலிருந்து ஒரு மைக்செட்காரரை அழைத்தோம். அவர் சக்ரீஸ்துக்குள் சென்று, இரும்பு அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "சாமி, மைக்குல ஒரு குறையும் இல்லை. ஆண்டெனாவை அலமாரிக்குள்ள பூட்டிவெச்சா அது யாரைப் பார்க்கும்?" என்றார்.

களவுக்கு அஞ்சி அவ்வாறு பூட்டிவைத்தவர் வேறெவருமல்லர், நாமே. ஒலிவாங்கி அனுப்புவதை வாங்கும் ரிசீவர் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கம்பிகள் உண்டு. அலை நேராகவும் வரும், சுவரில் பட்டுத் திரும்பியும் வரும். இரண்டும் ஓரிடத்தில் ஒன்றையொன்று அழித்துவிட்டால் ஒரு கம்பி செவிடாகும், அப்போது மற்றது கேட்கும். இதுவே இரண்டின் பயன். நாமோ நான்கு ரிசீவர்களையும் அடுக்கி, எட்டுக் கம்பிகளையும் ஒன்றோடொன்று உரசவிட்டு, இரும்புக்குள் அடைத்தோம். அவை ஒன்றையொன்று கெடுத்தன.

மலைமேல் ஒரு பாடம்

இதற்கான பாடம் நம் மலையிலேயே இருந்தது. கோடை எப்.எம். எனும் அகில இந்திய வானொலியின் நிலையம் 100.5 மெகாஹெர்ட்ஸில் 10 கிலோவாட் வலிமையுடன் ஒலிபரப்புகிறது. மலையுச்சியில் நின்று சமவெளியை நேரே பார்ப்பதாலேயே அது பல மாவட்டங்களுக்கு எட்டுகிறது. நம் கையிலுள்ள ஒலிவாங்கியின் வலிமையோ ஏறத்தாழ 10 மில்லிவாட். அதாவது பத்து இலட்சத்தில் ஒரு பங்கு! அத்தனை பெரிய குரலுக்கே உயரமும் நேர்ப்பார்வையும் வேண்டுமெனில், இச்சிறு குரலுக்கு எவ்வளவு வேண்டும்?

மற்றொரு பாடமும் உண்டு. 2005-ஆம் ஆண்டின் தனியார் பண்பலைக் கொள்கையின்படி, ஒரே நகரின் நிலையங்கள் தனித்தனிக் கோபுரம் எழுப்பாமல், ஒரு கோபுரத்தில் பொது ஆண்டெனாவைப் பகிர்ந்துகொள்ளும் முறை வந்தது. அங்கே பல குரல்கள் ஓர் ஆண்டெனா வழியே வெளியேறுகின்றன. நம் ஆலயத்தில் அதுவே திரும்பி நடக்கிறது: பல குரல்கள் ஓர் ஆண்டெனா வழியே உள்ளே வருகின்றன.

பதினாறுக்குப் பதில் இரண்டு

பவள விழாத் திருப்பலிக்கு எட்டு ஒலிவாங்கிகள் தேவைப்பட்டன. பழைய முறையில் பதினாறு கம்பிகள் ஆகியிருக்கும். மாறாக, சுவரில் இரண்டு ஆண்டெனாக்களை மட்டும் பொருத்தி, அவை வாங்குவதை எட்டு ரிசீவர்களுக்கும் பங்கிடும் கருவிகள் இரண்டை வைத்தோம். முதற்கருவியிலிருந்தே இரண்டாவதற்கு இணைப்புச் செல்கிறது. வெறுமனே நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் கால் பங்கே கிடைக்கும். ஆகையால் கருவிக்குள்ளேயே ஒரு பெருக்கி அக்குறையை ஈடுசெய்கிறது. ஆண்டெனாவிலிருந்து வரும் கம்பியும் தடித்ததாக இருத்தல் வேண்டும். மெல்லிய கம்பி பத்து மீட்டருக்குள் பாதிக்கு மேல் விழுங்கிவிடும்.

அலைவரிசைகளைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். 600-இலும் 601-இலும் இரு ஒலிவாங்கிகள் பேசினால், அவை கலந்து 599-இலும் 602-இலும் போலிக் குரல்கள் எழும். மூன்றாவதை 602-இல் வைத்தால் அது கெடும். ஆகவே சம இடைவெளி விட்டு அடுக்கலாகாது. பணியாதபோது ஒலிவாங்கிகளை அணைக்காமல் மேசைமேல் குவித்து வைத்தலும் இக்கேட்டையே வளர்க்கும். பீடச் சிறுவர் இதைக் கவனிப்பார்களாக!

அமெரிக்காவில் வாழும் நம் பங்குப் பிள்ளை ஒருவர் அன்போடு ஒரு பழைய ஒலிவாங்கித் தொகுதியை அனுப்பினார். அது 700 மெகாஹெர்ட்ஸ் வகை. அந்நாட்டில் 2010 ஜூன் 12 முதல் அந்த அலைவரிசையில் ஒலிவாங்கிகளுக்கு இடமில்லை. நம் நாட்டிலும் 2022 ஏலத்தில் அது கைப்பேசிச் சேவைக்கு விற்கப்பட்டது. நன்றியோடு பெற்று, பயன்படுத்தாமல் வைத்துவிட்டோம். காணிக்கை தருவோர் முன்கூட்டியே கேட்டுத் தருமாறு வேண்டுகிறோம்.

நிறைவாக

இவ்வாண்டு உயிர்ப்புப் பெருவிழாத் திருவிழிப்பில் பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழையும் ஏழு பேர் வாசித்தனர். "தொடக்கத்தில்" எனும் சொல் முதல் இறுதிவரை எந்தக் குரலும் அறுபடவில்லை. மறுநாள் அம்மூதாட்டியைக் கண்டு, "பாட்டி, இப்போது கேட்கிறதா?" என்றோம். "எல்லாம் கேக்குது சாமி. உங்க பிரசங்கந்தான் கொஞ்சம் நீளம்னு இப்பத்தான் தெரியுது" என்றார்.

புதிய ஒலிவாங்கி வாங்கினால் தீரும் என்று நாம் எண்ணிய குறை, ஓர் அலமாரிக் கதவைத் திறந்ததில் பாதி தீர்ந்தது. ஒன்றைப் பலர் பகிர்ந்துகொண்டதில் மீதி தீர்ந்தது. நமக்குப்பின் வரும் பங்குக் குருக்கள் இக்கருவிகளை மாற்றும் நாள் வரும். அன்று அவர்கள் எதையும் வாங்குமுன் கடைசி வரிசையில் சற்று நேரம் அமர்ந்து பார்ப்பார்களாக.