புரொஜெக்டர்காரர்கள் தேடிய இருட்டு

கைக்கு அடக்கமான புரொஜெக்டர் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது, "எத்தனை லுமன்?" என்பதுதான். பெட்டியின் மேலும் வெளிச்சத்தின் அளவைச் சொல்லும் அந்த எண்ணே ஆயிரக்கணக்கில், கொட்டை எழுத்தில் இருக்கிறது. கேள்வியில் தவறில்லை. ஆனால், விளக்கையும் லென்ஸையும் சுமந்துபோய் ஊருக்கு ஊர் படம் காட்டிய தொழிலுக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வயது. அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் இப்படியொரு கேள்விக்கு இடமே இருந்ததில்லை. கையில் இருந்த விளக்கு இன்னதுதான், அதற்குமேல் எரியாது என்று காட்டுபவருக்குத் தெரியும். அவர் தேர்ந்தெடுக்க முடிந்தது மூன்றே: இடம், நேரம், திரையின் அகலம். இந்த மூன்றையும் மறந்துவிட்டு விளக்கை மட்டும் எடைபோடும் இன்றைய வழக்கம் சந்தையிலிருந்து வந்தது. தொழிலின் அனுபவம் அதற்கு நேர்மாறாகவே பேசுகிறது.

டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1659ஆம் ஆண்டையொட்டி, படம் காட்டும் மாய விளக்கை உருவாக்கியபோது அதற்குள் வைக்க மெழுகுவத்தியும் எண்ணெய்த் திரியும்தான் கிடைத்தன. அடுத்த நூற்றாண்டில் சவாய் மலைப்பகுதியிலிருந்து கிளம்பிய ஏழைகள் இந்தப் பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு ஐரோப்பியத் தெருக்களில் அலைந்து, இரவானதும் வீடுகளில் படம் காட்டினார்கள். அந்த மங்கல் விளக்கிலிருந்து இன்னும் எவ்வளவு கறக்கலாம் என்பதைக் காட்டியவர் எத்தியென் காஸ்பார் ராபர்ட்சன். 1799இல் பாரிஸில், கைவிடப்பட்ட ஒரு கப்புச்சின் துறவியர் மடத்தில் அவர் பேய்க்காட்சி நடத்தத் தொடங்கினார். அரங்கில் இருந்த விளக்குகளை முழுவதும் அணைத்தார். திரைக்குப் பின்னால், சக்கரம் பூட்டிய விளக்கை ஒளித்து வைத்தார். படம் தீட்டிய கண்ணாடிச் சில்லுகளில் உருவத்தைச் சுற்றியிருந்த வெற்றிடம் முழுவதையும் கறுப்பு வண்ணத்தால் மூடினார். உருவம் மட்டும் அந்தரத்தில் மிதந்து வந்தது. அவர் விளக்கில் அதிசயம் ஏதும் இல்லை. பார்த்தவர்களின் அலறல் முழுவதும் இருட்டின் சம்பாத்தியம். பாலக்காட்டுப் பகவதி கோயில்களில் கம்பராமாயணத்தைச் சொல்லி நடத்தும் தோல்பாவைக் கூத்திலும் இதே கணக்குதான். இருபத்தொரு எண்ணெய் விளக்குகள், வெள்ளைத் திரை, ஆட்டம் இரவு முழுக்க. பகலில் அதை ஆட வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

வெளிச்சத்தைக் கூட்ட முயலவில்லையா என்றால், உயிரைப் பணயம் வைத்தே முயன்றார்கள். 1820களில் வந்த சுண்ணாம்பு விளக்கில், ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் கலந்த சுவாலை சுட்டசுண்ணாம்புக் கட்டியின் மீது பாய்ந்து அதை வெண்ணிறமாக ஒளிர வைக்கும். ஊர் ஊராகப் போகிறவர் வாயுவை ரப்பர் பூசிய பைகளில் அடைத்துக்கொண்டு போவார். பலகைகளுக்கு நடுவே பையை வைத்து, மேலே பாரம் ஏற்றி, வாயுவைப் பிதுக்குவார். அழுத்தம் பிசகினால் வெடிக்கும். ஹைட்ரஜனுக்குப் பதில் ஈதர் ஆவியைப் பயன்படுத்தும் விளக்கு இன்னும் வசதியானது, இன்னும் ஆபத்தானது. 1897 மே 4 அன்று பாரிஸில் ஓர் அறக்கொடைச் சந்தையில் சினிமா காட்டிக்கொண்டிருந்தபோது அப்படியொரு விளக்கிலிருந்து பிடித்த தீயில் நூற்றிருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மின்சாரம் இல்லாத இடத்தில் அதிக வெளிச்சம் கேட்பதன் விலை அது. 1912இல் பாத்தே நிறுவனம் 'கோக்' என்ற வீட்டுப் புரொஜெக்டரை விற்றபோது எதிர்த் திசையில் போனது. எளிதில் தீப்பிடிக்காத 28 மி.மீ. படச்சுருள், கைப்பிடியைச் சுற்றும்போதே மின்சாரம் ஆக்கும் சிறு டைனமோ, அதில் எரியும் குட்டி பல்பு. வெளிச்சம் கொஞ்சம்தான். அதற்கேற்ப படமும் சிறியது, பார்ப்பவர்களும் ஒரு குடும்பத்தார்தான். இன்றைய கையடக்கப் புரொஜெக்டரின் நேர் மூதாதை என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் நான் இதைத்தான் சொல்வேன்.

தமிழ்நாட்டுக்கு இந்தத் தொழில் கூடாரத்தோடு வந்தது. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் தூபாங் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கிக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கிளம்பினார். 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டும்வரை அவருடைய அரங்கம் துணிக்கூடாரம்தான். பின்னால் பெருகிய டூரிங் டாக்கீஸ்களும் கீற்றுக்கொட்டகைகளே. அவற்றில் வழக்கமாக இரண்டே ஆட்டங்கள்: மாலை ஆட்டம், இரவு ஆட்டம். நகரத்து நிரந்தரத் தியேட்டரில் பகல்காட்சி உண்டு, கொட்டகையில் கிடையாது. இரண்டு இடத்திலும் விளக்காக எரிந்தது கார்பன் குச்சிதான். வித்தியாசம் விளக்கில் இல்லை, சுவரில் இருந்தது. கீற்றின் இடுக்கு வழியே நுழையும் வெயிலை எந்தக் கார்பனாலும் ஜெயிக்க முடியாது என்று கொட்டகைக்காரருக்குத் தெரியும். அதனால் அவர் இன்னும் பெரிய விளக்குக்குப் போகாமல், பொழுது சாயும்வரை ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. காத்திருந்தது வேறு வழியில்லாமல்தான். வழி கிடைத்தபோதெல்லாம் தொழில் வெளிச்சத்தின் பக்கமே ஓடியது. கார்பனுக்குப் பின் 1950களில் செனான் விளக்கு, இப்போது லேசர் என்று வரலாறு அதைத்தானே காட்டுகிறது? ஓடியது உண்மை, எதற்காக ஓடியது என்பதைத்தான் பார்க்க வேண்டும். படச்சுருள் காலத்தில் அமெரிக்கத் திரைப்படப் பொறியாளர்கள் வகுத்த அளவுப்படி, படச்சுருள் ஓட்டாத வெறும் திரையின் பிரகாசம் சுமார் 55 நிட். இன்றைய டிஜிட்டல் தியேட்டருக்கான அளவு 48 நிட். விளக்கின் பலம் பலமடங்கு பெருகிய பிறகும் திரையின் பிரகாசம் ஏறவில்லை. கூடுதல் வெளிச்சம் முழுவதையும் விரிந்துகொண்டே போன திரை தின்றுவிட்டது. அரங்கில் விளக்கை எரியவிட்டுப் படம் காட்டுவதற்காக யாரும் அதைச் செலவழிக்கவில்லை. பகலில் காட்டியே தீர வேண்டிய நிலை வந்தவர்களும் இருட்டையே நாடினார்கள். பிரிட்டனின் கன்சர்வேடிவ் கட்சி 1920களில் பிரசாரத்துக்கு அனுப்பிய சினிமா வேன்களில் பகல்காட்சிக்கென்று செய்தவை உண்டு. வேனுக்குள்ளிருந்தே திரையின் பின்பக்கம் படத்தைப் பாய்ச்சி, முன்பக்கம் வெயில் விழாமல் ஆழமான மறைப்பு கட்டியிருந்தார்கள்.

இன்றைய வீட்டுக்கு வருவோம். 2009இல் நிக்கான் ஒரு கேமராவுக்குள்ளேயே புரொஜெக்டரை வைத்து விற்றது. வெளிச்சம் 10 லுமன், படம் அதிகபட்சம் 40 அங்குலம். கணக்குப் போட்டால் சுமார் ஆறரை நிட் வரும். தியேட்டரின் ஏழில் ஒரு பங்கு. நல்ல இருட்டில் மட்டும் பார்க்கலாம். இப்போது 500 லுமன் தரும் சிறு பெட்டிகள் சாதாரணமாகிவிட்டன. நான் சொல்வது ஆன்சி அளவு: 1992இல் அமெரிக்காவில் வந்த இந்த முறையில் திரையை ஒன்பது கட்டங்களாகப் பிரித்து, விழும் ஒளியை அளந்து சராசரி எடுப்பார்கள். இந்தப் பெயரோ ஐஎஸ்ஓ என்ற பெயரோ இல்லாமல் வெறுமனே அச்சிட்ட லுமனை நம்பி வாங்குவது வீண். சரி, 500 ஆன்சி லுமன், 100 அங்குலத் திரை, முழு இருட்டு. திரையில் விழும் ஒளி ஏறக்குறைய 180 லக்ஸ். பிரகாசம் 57 நிட். தியேட்டரின் அளவைத் தாண்டிவிட்டது. டியூப்லைட்டைப் போட்டுத் திரையில் 100 லக்ஸ் விழவிடுங்கள். கறுப்பு என்று ஒன்று இருக்காது. வெள்ளை 280, கறுப்பு 100; மூன்றுக்கு ஒன்றுகூட இல்லாத வேறுபாடு. இதைச் சரிசெய்யக் கூடுதல் காசு கொடுத்து 1000 லுமன் வாங்கினால் வெள்ளை கறுப்பைவிட நாலரை மடங்காகும். 500 லுமனையே வைத்துக்கொண்டு படத்தை 60 அங்குலமாகச் சுருக்கினால் ஆறு மடங்கு. 100 அங்குலத்தை விடாமல், டியூப்லைட்டை அணைத்து, கனத்த திரைச்சீலையைப் போட்டு அறை வெளிச்சத்தை 10 லக்ஸுக்கு இறக்கினால் பத்தொன்பது மடங்கு.

கூடத்தில் ஒருவர் படிக்கிறார், இன்னொருவர் சாப்பிடுகிறார், எப்படி இருட்டாக்குவது என்று கேட்கலாம். கொட்டகைக்காலத்தில் எல்லாரும் படம் பார்க்கவே வந்தார்கள், வீடு அப்படியில்லை. இது நியாயமான கேள்வி. இதற்குப் பெரிய புரொஜெக்டர் ஒரு பதில்தான். ஆனால் 3000 லுமனைக் கக்கும் பெட்டி சூடாகும், விசிறி இரையும், பேட்டரியில் நெடுநேரம் ஓடாது, கைப்பையிலும் அடங்காது. சுமந்து செல்வதற்கென்று வாங்கிய பொருளில் அந்தச் சௌகரியமே போய்விடும். அந்த அறைக்குத் தொலைக்காட்சிப் பெட்டியே மேல் என்று சொல்லிவிடுவது நேர்மை. புரொஜெக்டர்தான் வேண்டும் என்பவர்களுக்கு இப்போது கடைகளில் சாம்பல் நிறத் திரைகள் வந்திருக்கின்றன. மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் வரும் அறை வெளிச்சத்தைப் பார்ப்பவர் கண்ணுக்கு எட்டாமல் விலக்கிவிட்டு, புரொஜெக்டரிலிருந்து வரும் ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும்படி செய்தவை. சிறிய புரொஜெக்டர்களைப் பொறுத்தவரை, பல நேரங்களில் பெட்டியைவிட அந்தத் திரைக்குத்தான் விலை அதிகம்.