தரமும் நடைமுறையும்: டபிள்யூஎஸ்டிஎல் மொழியின் வரலாறு

இணையச் சேவை ஒன்று எந்தக் கேள்வியை ஏற்கும், என்ன விடை தரும், எந்த முகவரியில் கிடைக்கும் என்பவற்றை மற்றொரு கணினி தானே படித்தறியும்படி எழுதிவைக்க உருவானது டபிள்யூஎஸ்டிஎல் என்னும் எக்ஸ்எம்எல் மொழி. இதன் 1.1 பதிப்பு, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் முறையான பரிந்துரையாக ஆகவே இல்லை. ஆயினும் உலகெங்கும் பரவியது. பரிந்துரைத் தகுதி பெற்ற 2.0 பதிப்போ பரவவில்லை. இம்முரணின் காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்னோடிகள்

இடைமுகத்தைத் தனி மொழியில் வரையறுக்கும் வழக்கம் பழையது. வெவ்வேறு கணினிகளிலுள்ள நிரல்கள் ஒன்றையொன்று அழைக்க உதவும், 1991இல் வெளியான கோர்பா தரத்திலேயே ஐடிஎல் என்ற வரையறை மொழி இருந்தது. 2000 மே மாதம் வந்த சோப் 1.1, எக்ஸ்எம்எல் செய்திகளை எச்டிடிபி வழியே அனுப்ப வகைசெய்தது. செய்தியின் உறை முடிவானது. உள்ளே இருக்கவேண்டியதைச் சொல்லப் பொதுமொழி இல்லை. ஐபிஎம் நாசல் என்ற மொழியையும் மைக்ரோசாஃப்ட் எஸ்சிஎல் என்ற மொழியையும் தனித்தனியே வைத்திருந்தன. இவ்விரு நிறுவனங்களும் அரிபா நிறுவனத்துடன் சேர்ந்து 2000 செப்டம்பரில் டபிள்யூஎஸ்டிஎல் 1.0ஐ வெளியிட்டன. 2001 மார்ச்சில் 1.1 பதிப்பு டபிள்யூ3சியின் ‘குறிப்பு’ என்ற அளவிலேயே பதிவாயிற்று.

அமைப்பு

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டின் மல்லிகை விலையைத் தரும் சேவை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். விலை எண்ணாகவும் நாள் தேதியாகவும் அமையும் என்பதை ‘டைப்ஸ்’ பகுதி சொல்லும். கேள்வியும் விடையும் ‘மெசேஜ்’ பகுதியில் வரும். இரண்டையும் இணைத்து ‘விலை கேள்’ என்ற செயலாக்குவது ‘போர்ட்டைப்’. இம்மூன்றும் சேவை செய்வது என்ன என்பதைக் கூறுபவை. சோப் வழியா, வேறு வழியா என்பதை ‘பைண்டிங்’ பகுதியும், முகவரியை ‘சர்வீஸ்’ பகுதியும் கூறும். சேவை வேறொரு சர்வருக்கு மாறினால் முகவரியை மட்டும் திருத்தினால் போதும். இப்பகுதிகள் அடங்கிய கோப்பை ஒரு மென்பொருள் கருவியிடம் கொடுத்தால் சேவையை அழைக்கும் நிரலை அதுவே எழுதித் தந்துவிடும். மொழியின் செல்வாக்குக்கு இதுவே வேர்.

கொழும்பின் பங்கு

1.1 பதிப்பின் நான்கு ஆசிரியர்களுள் ஒருவர் ஐபிஎம் ஆய்வாளரான இலங்கையர் சஞ்சீவ வீரவரண. 2.0 பதிப்பின் மையப் பகுதிக்கும் அவர் தொகுப்பாசிரியர். இணையச் சேவைகளை இயக்கும் அப்பாச்சி ஆக்சிஸ்2 என்ற திறமூல மென்பொருளின் வடிவமைப்புக் கூட்டம் 2004 ஆகஸ்டில் கொழும்பில் நடந்தது. அதன் உருவாக்கத்தில் இலங்கைப் பொறியாளர்கள் பெரும்பங்கு வகித்தனர். 2005இல் வீரவரண மற்றவர்களோடு டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தைத் தொடங்கினார். தரத்தை வகுத்தவரே அதை இயக்கும் மென்பொருளுக்கும் வழியமைத்தார்.

இரண்டாம் பதிப்பு

2.0 பதிப்பு 2007 ஜூன் 26 அன்று பரிந்துரையானது. ‘மெசேஜ்’ நீக்கப்பட்டது, ‘போர்ட்டைப்’ ‘இன்டர்ஃபேஸ்’ எனப் பெயர் மாறியது, ஓர் இடைமுகம் இன்னொன்றிலிருந்து பண்புகளைப் பெறவும் முடிந்தது. வடிவம் சீரானது, காலம் கடந்துவிட்டது. வெவ்வேறு நிறுவனங்களின் மென்பொருள்கள் ஒத்தியங்க டபிள்யூஎஸ்-ஐ அமைப்பு 2004இல் வகுத்த அடிப்படை விதித்தொகுப்பு, டபிள்யூஎஸ்டிஎல் 1.1ஐயே கட்டாயமாக்கியிருந்தது. மைக்ரோசாஃப்டின் கருவிகள் 2.0ஐ ஏற்கவில்லை. ஆக்சிஸ்2 இரு பதிப்புகளையும் ஏற்றபோதிலும் நிலை மாறவில்லை: எதிர்முனைக் கருவிக்குப் புரியாத கோப்பை வெளியிட்டுப் பயனில்லை. இதற்கிடையே, ராய் ஃபீல்டிங் 2000இல் முன்வைத்த, சோப் உறை தேவைப்படாத ரெஸ்ட் அணுகுமுறையின் பக்கம் உருவாக்குநர்கள் திரும்பினர்.

முடிவு

விவரிப்பு மொழியின் வாழ்வைத் தீர்மானிப்பது அதைப் படிக்கும் கருவிகளே. குழு வழங்கும் தகுதி அடுத்த நிலையிலேயே வருகிறது. பின்னர் ரெஸ்ட் சேவைகளுக்காக வந்த ஸ்வாகர் என்ற விவரிப்பு மொழி இதற்கு எதிர்த்திசைச் சான்று. 2011இல் கருவிகளோடு அறிமுகமாகிப் பரவிய பிறகே, 2015இல் ஓப்பன்ஏபிஐ என்ற பொதுத்தர முயற்சியின் கீழ் அது வந்தது.